கைக்குழந்தைக்கு ஆன்டிபயாடிக்: முதல்முறை பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது மூக்கு ஒழுகியது, கூடவே இருமல். மூன்றாம் நாள் சளி பச்சையாக மாறியதும் பயந்துபோய், "ஆன்டிபயாடிக் கொடுத்துடுங்க டாக்டர்" என்று நானே கேட்டேன். அவரும் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் தவறாமல் கொடுத்தேன். சளி தன் பாட்டுக்கு இருந்து, பத்தாம் நாள்தான் போனது. இடையில் வயிற்றுப்போக்கும், டயப்பர் படும் இடமெல்லாம் சிவந்த புண்ணும் வந்ததுதான் கண்ட பலன்.

அதே வருடம் எங்கள் சொந்தத்தில் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டது. மார்பில் வாய் வைத்துவிட்டுப் பால் குடிக்காமல் சோர்ந்து சோர்ந்து தூங்கியது. அதன் அம்மா விடியும்வரை காத்திருக்கவில்லை, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரத்தம் எடுத்த கையோடு ஊசி மருந்தை ஆரம்பித்தார்கள். ரத்தத்தில் பாக்டீரியா இருந்தது இரண்டு நாள் கழித்து கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், தெரிந்தது. அந்தக் குழந்தை இன்று ஓடி விளையாடுவது ஆன்டிபயாடிக்கால்தான்.

இந்த இரண்டு குழந்தைகளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "சின்ன வயதில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பிற்காலத்தில் ஆஸ்துமா வரும், எடை கூடும்" என்று எங்கோ கேள்விப்பட்டு, வேண்டிய மருந்தையும் கொடுக்கப் பயப்படும் பெற்றோர் இருக்கிறார்கள். ஒவ்வொரு சளிக்கும் கேட்டு வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குழந்தைக்கு, இந்த நோய்க்கு, இன்று இந்த மருந்து வேண்டுமா என்பதை எப்படிப் பார்ப்பது, வேண்டுமென்றால் எப்படிச் சரியாகக் கொடுப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். இது உங்கள் மருத்துவருடன் பேச உதவும்; அவருடைய இடத்தை எடுத்துக்கொள்ளாது.

முதல் படி: வயதைப் பாருங்கள், ஆபத்து அறிகுறிகளைப் பாருங்கள்

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. எந்த நேரமானாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பெரிய குழந்தைக்கு வருகிற சாதாரண வைரஸ் காய்ச்சலும், ரத்தத்தில் கிருமி பரவியதால் வருகிற காய்ச்சலும் இந்த வயதில் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அனுபவமுள்ள மருத்துவராலும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பச்சிளம் குழந்தைக்குச் சந்தேகத்தின் பேரிலேயே ஆன்டிபயாடிக்கை ஆரம்பிக்கிறார்கள். அங்கே போய் "இது அவசியமா" என்று வாதாடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

காய்ச்சல் மட்டுமல்ல, பிறந்த குழந்தையின் உடம்பு சில்லிட்டுப் போவதும் ஆபத்துதான். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, தொட்டு எழுப்பினால் மட்டும் அசைவது, வலிப்பு, உச்சிக்குழி புடைத்துக்கொள்வது, மூச்சோடு முனகல், தோல் வெளிறியோ நீலம் பாரித்தோ போவது: இதில் ஒன்று இருந்தாலும், எத்தனை மாதக் குழந்தையாக இருந்தாலும், உடனே கிளம்புங்கள்.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் பெற்றோர் வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை என்பேன். குழந்தை தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ சட்டையை நெஞ்சுவரை தூக்கிவிடுங்கள். வயிறு ஒருமுறை மேலெழுந்து இறங்கினால் ஒன்று. விநாடி முள்ளைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்குத் தப்பும், ஏனென்றால் கைக்குழந்தை சீராக மூச்சு விடாது. பத்துப் பன்னிரண்டு மூச்சு மளமளவென்று விட்டுச் சில விநாடி நிறுத்தும், மறுபடி ஆரம்பிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. கூடவே, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு குழி விழுகிறதா என்றும் பாருங்கள். குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: எது வைரஸ், எது பாக்டீரியா

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும்தான் தாக்கும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைகளுக்கு வருகிற சளி, மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, இருமல் இவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவை பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட இருக்கும்.

பச்சைச் சளியைப் பார்த்து நான் பயந்தேன் என்றேன் அல்லவா? அந்த நிறம், கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியிலிருந்து வருகிறது. வைரஸோடு சண்டை போட்டாலும் பச்சை வரும், பாக்டீரியாவோடு போட்டாலும் வரும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் கேட்கக் கூடாது என்பதை அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வயதுக்குள் அடிக்கடி வருவது மூச்சுச் சிறுகுழாய் அழற்சி (பிராங்கியோலைட்டிஸ்). ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் இதற்கு முக்கியக் காரணம். சளியாக ஆரம்பித்து, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். நெஞ்சில் கறகறவென்று சத்தம், இழுப்பு, பால் குடிக்கத் திணறல் எல்லாம் இருக்கும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனாலும் ஆன்டிபயாடிக் இதில் உதவாது. மூக்கில் சலைன் சொட்டு விட்டுத் துடைப்பது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுப்பது, ஒரு நாளில் எத்தனை டயப்பர் நனைகிறது என்று பார்ப்பது, மூச்சை எண்ணுவது ஆகியவைதான் வேலை. நனைகிற டயப்பர் வழக்கத்தில் பாதியாகக் குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். சில குழந்தைகளுக்கு ஆக்சிஜன் தேவைப்படும், அதை ஆஸ்பத்திரியில்தான் கொடுக்க முடியும்.

தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசலும், மருத்துவர் சொல்லும் துத்தநாகமும், நிறுத்தாமல் கொடுக்கும் பாலும். மலத்தில் ரத்தம் கலந்து வந்தால் அது வேறு விஷயம். உடனே காட்ட வேண்டும்.

ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டிய நோய்களும் இருக்கின்றன. நிமோனியா, மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் கிருமி, சிறுநீர்ப் பாதைத் தொற்று, கக்குவான் இருமல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சிறுநீர்த் தொற்றைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கைக்குழந்தைக்கு எரிகிறது, வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சளி இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் மட்டும் அடிக்கிறது என்றால், சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள். தவறவிட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழக்கூடிய நோய் அது.

காது வலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆறு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் உடனே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். அதற்கு மேல், ஒரு காதில் மட்டும், வலியும் காய்ச்சலும் லேசாக இருந்தால், 48 முதல் 72 மணி நேரம் வலி மருந்து மட்டும் கொடுத்துக் கவனிக்கலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். அதற்கும் ஒரு மருத்துவ முறை இருக்கிறது.

மூன்றாம் படி: பிற்கால பாதிப்பு பற்றி உண்மையில் என்ன தெரியும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பயமும் குழப்பமும் இங்கேதான் அதிகம்.

குழந்தை பிறக்கும்போது அதன் குடலில் நுண்ணுயிர்கள் அநேகமாக இல்லை. பிறப்பின்போது தாயின் உடலிலிருந்தும், பிறகு தாய்ப்பாலிலிருந்தும், தூக்கிக் கொஞ்சுகிறவர்களிடமிருந்தும் வந்து குடியேறுகின்றன. தாய்ப்பாலில் ஒரு வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்து பாலில் அதிகம் இருக்கிற திடப்பொருள் அவைதான். ஆச்சரியம் என்னவென்றால், குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல நுண்ணுயிர்களுக்கான சாப்பாடு. தாய் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது பிள்ளையின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள். இந்தக் குடியிருப்பு நிலைபெற்று, பெரியவர்களுடையதைப் போல ஆவதற்கு இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். எதைத் தாக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று உடலின் எதிர்ப்புச் சக்தி கற்றுக்கொள்வதும் இதே காலத்தில்தான்.

ஆன்டிபயாடிக் உள்ளே போனால் நோய்க்கிருமியோடு இந்தக் குடியிருப்பும் கலைகிறது. பிஃபிடோபாக்டீரியா குறையும், வேறு சில இனங்கள் பெருகும். பல குழந்தைகளுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ பெருமளவு திரும்பிவிடும். எல்லா மருந்தும் ஒரே அளவு கலைப்பதில்லை. ஃபின்லாந்தில் 2 முதல் 7 வயதுள்ள 142 குழந்தைகளிடம் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், அசித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடு மருந்துகளின் தடம் குடலில் நீண்ட காலம் தெரிந்தது. பென்சிலின் வகை மருந்துகளின் தடம் அதைவிட லேசாக இருந்தது.

சரி, குடலில் நடந்த மாற்றம் பிற்காலத்தில் நோயாக மாறுமா? 2003-க்கும் 2011-க்கும் இடையில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு வட்டாரத்தில் பிறந்த 14,572 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சுமார் 70 சதவீதம் குழந்தைகள் இரண்டு வயதுக்குள் ஒருமுறையாவது ஆன்டிபயாடிக் எடுத்திருந்தார்கள். அப்படி எடுத்தவர்களிடம் ஆஸ்துமா, ஒவ்வாமை மூக்கடைப்பு, தோல் அரிப்பு நோய், அதிக எடை, கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ஏ.டி.எச்.டி.) ஆகியவை கூடுதலாகப் பதிவாகியிருந்தன. எத்தனை முறை எடுத்தார்கள், எந்த வயதில், எந்த மருந்து என்பதையெல்லாம் பொறுத்து அளவு மாறியது.

இதை மட்டும் படித்தால் தூக்கம் போய்விடும். ஆனால் இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை. ஆஸ்துமாவுக்கான உடல்வாகோடு பிறந்த ஒரு குழந்தைக்கு ஆறு மாதத்திலேயே அடிக்கடி இழுப்பு வரும். அதை நெஞ்சுச் சளி என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ஐந்து வயதில் ஆஸ்துமா என்று பெயர் வைப்பார்கள். பதிவேட்டைப் பார்ப்பவருக்கு மருந்து முன்னால், ஆஸ்துமா பின்னால். உண்மையில் ஆஸ்துமாதான் முதலில் வந்திருக்கிறது. இந்தச் சிக்கலை அவிழ்க்க ஸ்வீடனில் ஒரு வழி செய்தார்கள். 2006 முதல் 2010 வரை பிறந்த ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான குழந்தைகளில், ஒரே வீட்டு அண்ணன் தம்பி அக்கா தங்கைகளை ஒப்பிட்டார்கள். ஒரே பெற்றோர், ஒரே வீடு. அப்படிப் பார்த்தபோது ஆஸ்துமாவோடு இருந்த தொடர்பு பெருமளவு தேய்ந்துபோனது.

அதற்காக மொத்தத்தையும் தள்ளிவிடவும் முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2000-க்கும் 2014-க்கும் இடையில் ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அதே காலத்தில் 1 முதல் 4 வயதுவரை உள்ளவர்களில் புதிதாக ஆஸ்துமா கண்டறியப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு 27.3-லிருந்து 20.2 ஆகக் குறைந்தார்கள். குடல் நுண்ணுயிர்களின் வகை குறைந்திருந்த குழந்தைகளிடம் ஆபத்து கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது.

எடை விஷயத்திலும் இதே இழுபறிதான். கால்நடைகளுக்குக் குறைந்த அளவு ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கொடுத்தால் சீக்கிரம் கொழுக்கும் என்பது 1950-களிலிருந்தே பண்ணைகளில் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பழக்கத்தை 2006-ல் முழுதாகத் தடை செய்தது. பிறந்ததிலிருந்து குறைந்த அளவு பென்சிலின் கொடுத்த எலிகளுக்குக் கொழுப்பு கூடியதை 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றின் குடல் நுண்ணுயிர்களை வேறு எலிகளுக்கு மாற்றியபோது அவற்றுக்கும் கூடியது. மனிதக் குழந்தைகளில்? 2016-ல் அமெரிக்காவில் முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்ததற்கும் பின்னாளில் எடை கூடியதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை. 2021-ல் ஃபின்லாந்திலிருந்து வந்த ஆய்வோ வேறொன்றைச் சொன்னது: பிறந்த முதல் இரண்டு வாரத்தில் ஆன்டிபயாடிக் பெற்ற ஆண் குழந்தைகள் ஆறு வயதுவரை உயரத்திலும் எடையிலும் சற்றுக் குறைவாக இருந்தார்கள்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஒரே ஒரு முறை, தேவைக்காக, குறுகிய நாட்கள் கொடுத்த மருந்தால் உங்கள் குழந்தையின் எதிர்காலம் கெட்டுவிடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. முதல் இரண்டு வருடத்தில் திரும்பத் திரும்ப, தேவையில்லாமல் கொடுப்பது ஒன்றும் செய்யாது என்று சொல்லவும் முடியாது. நிமோனியா உள்ள குழந்தைக்கு மருந்து கொடுக்காமல் விட்டால் வருகிற ஆபத்து நாளைக்கே வரும், அதில் சந்தேகமே இல்லை. சளிக்குக் கொடுத்தால் பலன் சைபர். அப்போது சிறிய ஆபத்தைக்கூட ஏன் ஏற்க வேண்டும்?

இவை எல்லாம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எந்தச் சந்தேகமும் இல்லாத ஒரு பாதிப்பு மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவது. ஒவ்வொரு முறையும் தப்பிப் பிழைக்கும் பாக்டீரியா குழந்தையின் குடலிலேயே தங்கும், அடுத்த நிஜமான தொற்றில் மருந்து கேட்காமல் போகலாம். உலகம் முழுவதும் 2019-ல் மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் சாவுகளுக்கு இப்படிப்பட்ட பாக்டீரியாக்களே நேரடிக் காரணம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிறந்த குழந்தைகளும் அதில் உண்டு.

நான்காம் படி: மருத்துவரிடம் என்ன கேட்பது

முதலில், "ஆன்டிபயாடிக் எழுதுங்க" என்று கேட்காதீர்கள். பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள் என்று மருத்துவருக்குத் தோன்றினாலே எழுதும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் அனுபவமும் அதுதான். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்:

"இது பாக்டீரியா தொற்றுன்னு நினைக்கிறீங்களா டாக்டர்? எங்கே இருக்கு?" காதில், நுரையீரலில், சிறுநீரில் என்று ஓர் இடத்தை அவர் சொன்னால் மருந்துக்குக் காரணம் இருக்கிறது.

"மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யூரின் டெஸ்டோ பிளட் கல்ச்சரோ எடுக்கணுமா?" முதல் டோஸ் உள்ளே போனபிறகு எடுத்தால் கிருமி தெரியாமல் போகலாம்.

"ரெண்டு நாள் பார்த்துட்டுக் கொடுக்கலாமா? எதைக் கண்டா உடனே திரும்பி வரணும்?" காத்திருக்கச் சொன்னால் இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைக் கட்டாயம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"இதைவிடச் சாதாரண மருந்து போதுமா? எத்தனை நாள் போதும்?" உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று குழுக்களாகப் பிரித்திருக்கிறது: முதலில் பயன்படுத்த வேண்டியவை, கவனத்தோடு பயன்படுத்த வேண்டியவை, கடைசிக் கட்டத்துக்கென ஒதுக்கி வைத்தவை. அமாக்சிசிலின் முதல் குழுவில் இருக்கிறது. அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் இரண்டாம் குழுவில். விலை கூடிய மருந்து, புது மருந்து என்பதற்காக அது உங்கள் குழந்தைக்கு நல்லது என்று ஆகிவிடாது.

பிறந்தவுடன் சிறப்புப் பிரிவில் வைத்து ஊசி மருந்து கொடுத்தால், "கல்ச்சர் ரிசல்ட் வந்ததா?" என்று இரண்டாம் நாள் கேளுங்கள். கிருமி இல்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் 36 முதல் 48 மணி நேரத்தில் பல இடங்களில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

ஐந்தாம் படி: சரியாகக் கலந்து, சரியாகக் கொடுப்பது

அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. போன மாத எடை வேண்டாம், அன்றைக்கே எடை பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, மருந்து வாங்கும்போது பாட்டிலையும் சீட்டையும் ஒப்பிடுங்கள். ஒரே மருந்து 5 மி.லி.-க்கு 125 மி.கி. என்றும், 5 மி.லி.-க்கு 250 மி.கி. என்றும் வரும். சொட்டு மருந்து அதைவிடவும் அடர்த்தியாக இருக்கும். மருத்துவர் ஒன்றை நினைத்து 'இத்தனை மி.லி.' என்று எழுத, கடையில் இன்னொன்றைக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும் அல்லது பாதியாகிவிடும்.

பொடியாக வரும் சிரப்பைக் கலக்குவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மூடியைத் திறக்குமுன் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பொடியை உதிர்த்துவிடுங்கள். கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்குப் பாதிவரை ஊற்றி மூடிக் குலுக்குங்கள். நுரை பொங்கி நிற்கும். அந்த நுரையைத் தண்ணீர் மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அடங்கும்வரை பொறுத்து, பிறகு கோடுவரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். கலந்த தேதியை லேபிளிலேயே பேனாவால் எழுதுங்கள். அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த சிரப்பைக் கலந்தபின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஏழு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. மற்றவற்றுக்கு லேபிளில் போட்டிருப்பதுதான் கணக்கு.

ஒவ்வொரு தடவையும் குலுக்குங்கள். குலுக்காமல் கொடுத்தால் மருந்து அடியில் தங்கி, முதல் நாள் வெறும் இனிப்புத் தண்ணீரும் கடைசி நாள் அளவுக்கு மீறிய மருந்தும் உள்ளே போகும்.

வீட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள். ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். நேராகத் தொண்டையில் பீய்ச்சினால் புரையேறும். முழுப் பாட்டில் பாலில் கலக்க வேண்டாம். பாதிப் பால் மிஞ்சினால் எவ்வளவு மருந்து போனது என்று தெரியாது. கசப்புக்காகத் தேன் தொட்டுக் கொடுக்கவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுநோய் வரலாம்.

கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருத்துவரைக் கேட்டு மறுபடி கொடுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் நின்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நாள் குறைக்க முடியுமென்றால் அதை மருத்துவர் சொல்லட்டும். 48 முதல் 72 மணி நேரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய மருந்து, தெரிந்தவர் சொன்ன மருந்து எதுவும் கைக்குழந்தைக்கு ஆகாது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1950-களில் குளோரம்ஃபெனிக்கால் கொடுக்கப்பட்ட பிறந்த குழந்தைகள் சாம்பல் நிறமாகிச் செத்துப்போனார்கள். அந்த மருந்தை வெளியேற்றும் அளவுக்கு அவர்களுடைய கல்லீரல் முதிர்ந்திருக்கவில்லை. டெட்ராசைக்ளின் வளரும் பற்களில் நிரந்தரமாகக் கறை படிய வைக்கும். முதல் சில வாரங்களில் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் கொடுத்தால் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயின் தசை தடித்து, பால் பீய்ச்சியடிக்கும் வாந்தி வரும் வாய்ப்பு கூடுகிறது. கக்குவான் இருமல் போன்ற நோய்க்கு அந்த ஆபத்தையும் மீறி மருத்துவர் அதைக் கொடுப்பார், ஆனால் கண்காணித்துக்கொண்டே கொடுப்பார்.

ஆறாம் படி: கொடுக்கும்போதும் கொடுத்த பிறகும்

மலம் இளகிப் போவது சாதாரணம். பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம் வந்தாலோ குழந்தை வறண்டுபோனாலோ காட்டுங்கள். நாக்கிலும் கன்னத்தின் உள்ளேயும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், டயப்பர் இடத்தில் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிவந்த புண் ஆகியவை பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

மருந்து கொடுத்துச் சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ கண்ணோ வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அது அவசரம். ஆனால் ஐந்தாறு நாள் கழித்து வருகிற தட்டையான சிவப்புப் பொட்டுகள் பல நேரம் ஒவ்வாமையே இல்லை, வைரஸால் வருபவை. உடனே போட்டோ எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். 'பென்சிலின் அலர்ஜி' என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது ஆயுளுக்கும் கூடவே வரும். அதற்குப் பிறகு எந்தத் தொற்றுக்கும் பெரிய மருந்தாகவே எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்டவர்களைப் பின்னாளில் முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அலர்ஜி இருப்பதில்லை.

ஏற்கெனவே இரண்டு மூன்று முறை கொடுத்துவிட்டோமே என்று மனம் உடைய வேண்டாம். குடல் நுண்ணுயிர்கள் மீண்டு வர தாய்ப்பாலைவிட நல்ல வழி நமக்குத் தெரியாது. முடிந்தவரை கொடுங்கள்; முடியாத தாய்மார்கள் அதற்காகக் குற்றவுணர்வில் கரைய வேண்டாம். ஆறு மாதம் ஆனதும் விதவிதமான பருப்பு, காய், பழம், தானியங்களை ஊட்டுங்கள். தடுப்பூசிகளை நாள் தள்ளாமல் போடுங்கள். நிமோனியா, ரோட்டா வைரஸ், கக்குவான், இன்ஃப்ளூயன்சா ஆகியவற்றுக்கான ஊசிகளும் சொட்டு மருந்தும் நோயையே தடுப்பதால், ஆன்டிபயாடிக் தேவைப்படும் சந்தர்ப்பமே குறைகிறது. பிறந்த சில நாட்களில் ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகளுக்குச் சில தடுப்பூசிகளின் பலன் சற்றுக் குறைவாக இருந்ததாக 2025-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சொன்னது. அந்தக் குழந்தைகளுக்கு எந்தத் தவணையும் விட்டுப்போகாமல் இருப்பது இன்னும் முக்கியம்.

புரோபயாடிக் சொட்டு மருந்தை நீங்களாக வாங்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-ல் எச்சரித்தது. நிறைமாதக் குழந்தைக்கும் மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே செய்யக்கூடியது. தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். தேதி, மருந்தின் பெயர், மி.லி. அளவு, எத்தனை நாள், எந்த நோய்க்கு, என்ன பக்கவிளைவு என்று ஆறு பத்தி. ஒவ்வொரு முறையும் நிரப்பி, அடுத்த தடவை மருத்துவர் சீட்டு எழுதத் தொடங்குமுன் அதை அவர் முன்னால் வையுங்கள். என் மகளின் அட்டையில் முதல் வரியின் 'எந்த நோய்க்கு' என்ற இடத்தில் 'சளி' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த வரி இரண்டரை வருடம் கழித்து: 'சிறுநீர்த் தொற்று, கல்ச்சர் பார்த்தது, 7 நாள், குணம்.'